ஆளில்லாத அறைகள்: பெரிய வீட்டிலேயே இருப்பதா, டவுன்ஹோமா, 55+ குடியிருப்பா?

கடந்த செப்டம்பரில் சின்னவளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு நியூஜெர்சியின் எடிசனுக்குத் திரும்பிய இரவு, மாடியில் இருக்கும் நான்கு படுக்கையறைகளில் மூன்று இருட்டாகக் கிடந்தன. அடுத்த வாரமே என் கணவர் பக்கத்து மன்ரோ டவுன்ஷிப்பில் உள்ள, 55 வயதைக் கடந்தவர்களுக்கான 55+ குடியிருப்புகளின் விளம்பரத் தாள்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கோ, கீழ்த்தளத்துக் குளியலறையைப் பெரிதாக்கிக்கொண்டு இதே வீட்டில் இருந்துவிடலாமே என்று தோன்றியது. கனெக்டிகட்டில் இருக்கும் பெரியவன் தன் வீட்டுப் பக்கத்தில் ஒரு டவுன்ஹோம் (பக்கச்சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய மாடி வீடு) வாங்கச் சொன்னான். நவம்பரில் மருமகளுக்குப் பிரசவம்.

ஒன்பது மாதமாக மூன்றையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதலில் சதுர அடி, மாதக் கட்டணம், நெடுஞ்சாலைத் தூரம் என்று ஒப்பிட்டோம். ஒன்றும் தெளியவில்லை. எங்களில் ஒருவருக்கு வண்டி ஓட்ட முடியாமல் போகும் நாளில், அல்லது ஒருவர் மட்டும் மிஞ்சும் நாளில், இந்த வீட்டில் எப்படி இருக்க முடியும் என்று கேட்ட பிறகுதான் வித்தியாசங்கள் கண்ணில் பட்டன. அவருக்கு 59, எனக்கு 53. கணக்குப்படி பார்த்தால் மிஞ்சப்போவது அநேகமாக நான்தான். அதனால் இதை எனக்காகவும்தான் எழுதுகிறேன்.

முதலில் பணம்

வரி அதிகம், அதனால் விற்றுவிடு என்பதுதான் விருந்துகளில் காதில் விழும் முதல் அறிவுரை. நியூஜெர்சியின் சராசரி சொத்து வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, உண்மைதான். ஆனால் 65 வயதைக் கடந்த வீட்டு உரிமையாளருக்கு அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டங்களும் இந்த மாநிலத்தில் இருக்கின்றன. 2023-ல் சட்டமான ‘ஸ்டே என்ஜே’ அவற்றில் புதியது. 55+ குடியிருப்பில் வாங்கினாலும் சொத்து வரி உண்டு. பள்ளிக்கூட வரியும் அதற்குள் அடக்கம். குழந்தைகள் இல்லாத ஊர் என்பதால் அதைத் தள்ளுபடி செய்துவிடுவதில்லை.

இரண்டாவது பயம், விற்றால் வரும் லாபத்துக்கான வரி. கடைசி 5 ஆண்டுகளில் 2 ஆண்டு அந்த வீட்டில் குடியிருந்திருந்தால், தம்பதிக்கு 5,00,000 டாலர் லாபம் வரை, தனி ஆளுக்கு 2,50,000 வரை மத்திய அரசு வரி கேட்பதில்லை. 1997-ல் வைத்த இந்த வரம்பு இன்றுவரை ஏறவில்லை, வீட்டு விலை மட்டும் ஏறிவிட்டது. எங்கள் வீட்டை 1999-ல் 2,60,000-க்கு வாங்கினோம். சமையலறையை மாற்றி அமைத்ததும் கூரை புதிதாகப் போட்டதுமாக 80,000 செலவு. இன்று 8,90,000-க்குப் போகும் என்று வைத்துக்கொண்டால் லாபம் 5,50,000. இருவரும் சேர்ந்து விற்றால் 50,000-க்கு மட்டும் வரி.

இருவரில் ஒருவர் போய்விட்டால்? அவர் பாதியின் அடக்கவிலை (வாங்கிய விலையும் செலவும் சேர்ந்தது) அன்றைய சந்தை விலைக்கு உயர்ந்துவிடும். அப்போது லாபம் 2,75,000 ஆகச் சுருங்கும். இரண்டு ஆண்டுக்குள் மறுமணம் செய்யாமல் விற்றால் முழு 5,00,000 விலக்கும் கிடைக்கும், வரியே இல்லை. இரண்டு ஆண்டு கழித்து விற்றாலும் 25,000-க்குத்தான் வரி. வரிக்குப் பயந்து இப்போதே விற்க வேண்டிய அவசியம் இல்லை என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் ரசீதுகளை எடுத்துவைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

டவுன்ஹோமிலும் 55+ குடியிருப்பிலும் வருவது எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கான கட்டணம். பனி அள்ளுவது, புல் வெட்டுவது, சில இடங்களில் கூரை, 55+ என்றால் கூடவே கிளப்ஹவுஸ், நீச்சல்குளம். மார்ட்கேஜ் முடிந்தாலும் இது முடியாது. மாதம் எவ்வளவு என்பதைவிட, சங்கத்தின் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். கட்டணம் குறைவாக இருந்து நிதி காலியாக இருந்தால், ஒருநாள் கூரைக்கோ சாலைக்கோ எல்லாரிடமும் மொத்தமாகக் கேட்பார்கள். 2021 ஜூன் 24 அன்று ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் இடிந்து 98 பேரைப் பலிகொண்ட காண்டோ அடுக்குமாடிக் கட்டடத்துச் சங்கம், சுமார் 1.5 கோடி டாலர் செலவாகும் பழுதுபார்ப்புக்குக் குடியிருப்பவர்களிடம் பணம் வசூலிக்க இருந்த நேரம் அது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் இத்தகைய செலவைத் தள்ளிப்போடவே விரும்புவார்கள். முதியவர்கள் மட்டுமே இருக்கும் சங்கத்தில் அந்த விருப்பம் இன்னும் பலமாக இருக்கும் என்பது என் கவலை.

டவுன்ஹோம் ஏன் கழன்றுபோனது

பெரியவனின் யோசனை அன்பானது. ஆனால் நாங்கள் பார்த்த ஏழு டவுன்ஹோம்களில் ஆறு, கீழே கராஜ், நடுவில் சமையலறை, மேலே படுக்கையறை. இப்போதைய வீட்டைவிடப் படிகள் அதிகம்! 65 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் ஆண்டுதோறும் ஒருமுறையாவது விழுகிறார்கள் என்கிறது நாட்டின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. சதுர அடியைக் குறைத்துப் படியைக் கூட்டுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. தவிர, வேலை மாறினால் மகன் ஊரை விட்டே போவான். அவனை நம்பி வாங்கிய வீடு மட்டும் அங்கேயே நிற்கும். லிஃப்ட் உள்ள காண்டோ கிடைத்தால் மறுபடி யோசிக்கலாம், அவ்வளவுதான்.

யார் தங்கலாம்

‘ஆக்டிவ் அடல்ட் கம்யூனிட்டி’ என்ற பெயரில் விற்கப்படும் 55+ குடியிருப்புகளுக்கு இந்த நாட்டில் நீண்ட கதை உண்டு. அரிசோனாவின் சன் சிட்டி 1960 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதல் மூன்று நாளில் சுமார் ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். ஃபுளோரிடாவின் ‘தி வில்லேஜஸ்’, 2010-க்கும் 2020-க்கும் இடையில் நாட்டிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரப் பகுதி. அங்கே கோல்ஃப் வண்டிக்கென்றே 100 மைலுக்கு மேல் பாதை இருக்கிறது.

குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு வீடு மறுக்கக்கூடாது என்று 1988-ல் வீட்டுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, முதியோர் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். 1995 சட்டத்தின்படி, ஆள் குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில், வீட்டுக்கு ஒருவராவது 55 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதனால் என் 53 வயது தடையில்லை, கணவருக்கு 59 என்பது போதும். அவர் போய்விட்டால்? மீதி 20 சதவீத இடைவெளி இதுபோல் இளம் வயதில் துணையை இழந்தவர்கள் வெளியேற நேராமல் இருப்பதற்காகவும்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குடியிருப்பு தன் விதிகளை இதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம். எனவே ‘சட்டம் விடும்’ என்ற வாய்மொழி போதாது. விதிப்புத்தகத்தில் உயிரோடிருக்கும் துணையைப் பற்றிய வரி எங்கே என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். தேடி எடுத்துக் கொடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. இருந்தது.

பேரக்குழந்தை விஷயமும் இதே புத்தகத்தில்தான். பெரும்பாலும் நிரந்தரமாகத் தங்க 18 அல்லது 19 வயதாக வேண்டும், அதற்குக் கீழே இருப்பவர்கள் ஆண்டுக்கு இத்தனை நாள் விருந்தாளி. கலிஃபோர்னியாவில் மட்டும் 55-க்குக் கீழே உள்ள விருந்தாளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60 நாள் அனுமதிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. மருமகள் வேலைக்குத் திரும்பும்போது கைக்குழந்தையை ஆறு மாதம் நாங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தோம். 55+ வீட்டில் அது நடக்காது. ‘நாம அங்க போய் இருந்துக்கலாம்’ என்கிறார் கணவர். சரி, ஆனால் பேரப்பிள்ளையை வளர்ப்பதே தங்கள் ஓய்வுக்காலத் திட்டம் என்று இருப்பவர்கள் 55+ பக்கமே போகவேண்டாம் என்பேன். வேலை இழந்து திரும்பும் 25 வயது மகனுக்குப் பல இடங்களில் இடம் உண்டு, அம்மாவை இழந்த 5 வயதுப் பேத்திக்கு இல்லை. இந்த ஒரு விதி என்னை இன்னும் உறுத்துகிறது.

வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், ஆனால் 55 ஆகாத அவர்கள் அதில் குடியேற முடியாமல் போகலாம், விற்கத்தான் வேண்டியிருக்கும். வாங்குபவர்கள் வட்டமும் சிறியது. 2008 சரிவுக்குப் பிறகு நியூஜெர்சியில் 55+ திட்டங்கள் விற்காமல் தேங்கி, அவற்றை வயது வரம்பில்லாத வீடுகளாக மாற்ற 2009-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

பராமரிப்பு என்று நினைத்துப் போகாதீர்கள்

எங்கள் நட்பு வட்டத்தில் பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். ‘அங்க போயிட்டா பாத்துக்குவாங்க’ என்கிறார்கள். யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். 1988 சட்டத்தில், 55+ என்று சொல்லிக்கொள்ள முதியவர்களுக்கென்று குறிப்பிடத்தக்க வசதிகளும் சேவைகளும் இருக்கவேண்டும் என்று இருந்தது. 1995-ல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். சட்டப்படி இன்று அங்கே கேட்கப்படுவது வயது மட்டும்தான். நர்ஸ் கிடையாது, மாத்திரை எடுத்துத் தர ஆள் கிடையாது. குளிக்க வைக்கவும் உடை மாற்றவும் ஆள் வேண்டும் என்றால் எடிசனில் தேடுவதைப் போலத்தான் மன்ரோவிலும் தேட வேண்டும். அந்தச் செலவை முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்காது. மருத்துவமனையில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்த பிறகு, நர்சிங் மையத்தில் அதிகபட்சம் 100 நாள் வரைதான் அது தரும், அதிலும் முதல் 20 நாள்தான் முழுச் செலவு.

கடைசிவரை பராமரிப்பு வேண்டுமென்றால் அது சிசிஆர்சி என்ற தனி வகை. பெரிய நுழைவுத் தொகை, மாதக் கட்டணம், பெரும்பாலும் உள்ளே வரும்போதே உடல்நலச் சோதனை. அதற்கு நாங்கள் இன்னும் தயாராக இல்லை.

ஒற்றைத்தளம், அகலமான கதவு, படியில்லாத ஷவர் என்ற வகையில் 55+ வீடு நிச்சயம் மேல். அதையே எங்கள் கீழ்த்தளத்திலும் செய்யலாம். சுவரில் கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் 32 அங்குல வாசல், படுக்கை போட ஓர் அறை. ஆனால் வாசலில் சேரும் பனியையும், வண்டியில்லாத நாளையும் குளியலறை மாற்றம் தீர்க்காது.

பேச்சுத்துணை

இங்கேதான் என் மனம் மாறியது. இருபது ஆண்டுகளாக எங்கள் நண்பர்கள் எல்லாம் பிள்ளைகள் வழியாக வந்தவர்கள்: தமிழ்ப்பள்ளி வராண்டா, பரதநாட்டிய வகுப்பு, நீச்சல் போட்டி. சின்னவள் போன நாளிலிருந்து அந்த வாட்ஸ்அப் குழுக்கள் பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுவிட்டன. எங்கள் தெருவில் பகலில் ஆள் நடமாட்டமே இல்லை. எல்லாரும் வேலைக்குப் போகும் வயதுக்காரர்கள். மன்ரோவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். பிக்கிள்பால் மைதானத்தில் எட்டுப் பேர், உள்ளே சீட்டாட்ட மேசை, இன்னொரு மூலையில் மூன்று குஜராத்திப் பெண்கள் பஜனைக்கு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நம்மவர்களோடு மட்டும் இருக்க விரும்புகிறவர்களுக்கு ஃபுளோரிடாவின் டவாரஸில் சாந்திநிகேதன் என்ற குடியிருப்பு இருக்கிறது. எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை.

ஒரு எச்சரிக்கை. 55+ என்றால் எல்லாருக்கும் 55 என்று அர்த்தமில்லை. பழைய குடியிருப்புகளில் எண்பதைத் தாண்டியவர்களே அதிகம். அங்கே நட்பு கிடைக்கும், இழப்பும் அடிக்கடி வரும். புதிதாகக் கட்டியவற்றில் வயது நெருக்கம் அதிகம், விலையும் எங்கள் வீட்டின் விலையைக் கிட்டத்தட்டத் தொடுகிறது. ஆகவே ‘சின்ன வீட்டுக்குப் போனால் கையில் பணம் மிஞ்சும்’ என்பது எங்களுக்குப் பொருந்தவில்லை.

அக்டோபரிலிருந்து மன்ரோவில் ஒரு வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுக்கிறோம். எடிசன் வீட்டையும் வாடகைக்கு விடுகிறோம். வெளியேறிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் அந்த 5-க்கு 2 விதி கைவிட்டுப் போகாது, வாடகைக் காலத்துத் தேய்மானத்துக்கான வரி மட்டும் தனியாக வரும். பிப்ரவரி மாலை ஆறு மணிக்கு, இருட்டி, பனி பெய்துகொண்டிருக்கும்போது அந்த கிளப்ஹவுஸில் விளக்கு எரிகிறதா, நான் தனியாக நடந்துபோய்த் திரும்ப முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே நிரந்தரமாகத் தங்க 19 வயதாக வேண்டும், சின்னவளுக்கு அது ஆக அடுத்த ஏப்ரல் வரை பொறுக்கணும். அதுவரை அவள் டிசம்பர் விடுமுறைக்கு விருந்தாளியாகத்தான் வரமுடியும், நாட்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதவேண்டும். சொன்னதும் கேட்டாள்: ‘அம்மா, அப்போ எனக்கு அங்க ரூம் இருக்கா?’ இரண்டாவது அறை அவளுடையது என்று சொல்லியிருக்கிறேன்.