போர்க் பேக்கப்: வாங்கி வைப்பதில் கெட்டி, திருப்பித் தருவதில் பிடிவாதம்

நண்பன் ஒருவன் புது டிஸ்க் மாட்டிவிட்டு, போர்க் (Borg) என்ற பேக்கப் மென்பொருளின் ரெப்போவிலிருந்து, அதாவது அது பேக்கப்களைச் சேமித்து வைக்கும் இடத்திலிருந்து, ஒரே ஒரு ஃபோல்டரை மீட்க உட்கார்ந்தான். "எங்க கொண்டுபோய் வைக்கணும்னு இதுக்கு எப்படிடா சொல்றது?" என்று கேட்டான். சொல்ல முடியாது என்பதுதான் பதில். மீட்பதற்கான எக்ஸ்ட்ராக்ட் கட்டளைக்குச் சேருமிடத்தைக் குறிப்பிடும் வசதியே கிடையாது. டெர்மினலில் எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறீர்களோ, அங்கேயே எல்லாவற்றையும் கொட்டும். பல வருடங்களாக இதைப் பயன்படுத்துகிறேன். அடங்கிக் கிடந்த எரிச்சல் அவன் கேட்டதும் மறுபடி கிளம்பிவிட்டது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2015-ல் ஆட்டிக் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்த இந்தக் கட்டற்ற மென்பொருள், பேக்கப் எடுக்கிற வேலையில் அபாரம். ஃபைல்களை அப்படியே நகலெடுக்காமல், உள்ளடக்கத்தைப் பார்த்துத் துண்டு போடுகிறது. இயல்பான அமைப்பில் ஒரு துண்டு சராசரியாக 2 எம்பி அளவில் வரும். ஒரே துண்டு எத்தனை இடத்தில் இருந்தாலும் ரெப்போவில் ஒரு தடவைதான் சேமிக்கப்படும். பெரிய ஃபைல் ஒன்றின் நடுவில் கொஞ்சம் நுழைத்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள துண்டுகள் மட்டுமே புதிதாகச் சேரும். போட்டோ ஃபோல்டரின் பெயரை மாற்றி வேறெங்கோ நகர்த்தினாலும் ரெப்போ வீங்காது. மெய்நிகர் கணினிகளின் டிஸ்க் இமேஜ்களை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஃபைல்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் பழைய கருவியான ஜிஎன்யூ டாரில் இன்கிரிமென்டல் பேக்கப் எடுத்தவர்களுக்குத் தெரியும். முதலில் முழு பேக்கப், அதன்மேல் மாற்றங்கள் மட்டும் கொண்டவை ஒன்றன்பின் ஒன்றாக. மீட்கும்போதும் அதே வரிசையில் விரித்தாக வேண்டும். நடுவில் ஒன்று கெட்டுப்போனால் அதற்குப் பிந்தையவற்றை நம்ப முடியாது. போர்க்கில் இந்தச் சங்கிலியே இல்லை. ஒவ்வொரு ஆர்க்கைவும், அதாவது ஒவ்வொரு தடவை எடுத்த பேக்கப்பும், தன்னளவில் முழுமையானது. பழையது எதை அழித்தாலும் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் வேறு ஆர்க்கைவுக்குத் தேவையான துண்டை அது தொடாது. மவுண்ட் கட்டளை கொடுத்தால் பழைய ஆர்க்கைவ் சாதாரண ஃபோல்டராகத் திறக்கிறது. உள்ளே உலவி, வேண்டிய ஃபைலை எடுத்துக்கொள்ளலாம். வேகம் குறைவுதான், ஆனால் போன மாதத்து ஃபைலை முழுதாகக் கையில் எடுக்கும் சந்தோஷம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இத்தனையும் யோசித்துச் செய்தவர்கள் எக்ஸ்ட்ராக்டை மட்டும் ஏன் இப்படி விட்டார்கள்?

"முதலில் சரியான ஃபோல்டருக்குப் போய்விட்டுக் கட்டளை கொடுங்கள்" என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கும் நேரமா அது? பேக்கப் எடுப்பது கிரான் வேலை, குறித்த நேரத்தில் தானாக ஓடும், மனிதன் பக்கத்திலேயே இருக்கத் தேவையில்லை. மீட்பது அப்படியல்ல. ஏதோ போய்விட்டது, யாரோ காத்திருக்கிறார்கள், கை பதறுகிறது. அந்த நேரத்தில்தான் இந்தக் கட்டளை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அதோடு போகவில்லை. ஆர்க்கைவுக்குள் பாதைகளின் முன்னால் இருக்கும் சாய்கோடு நீக்கப்பட்டே சேமிக்கப்படும். ஆகவே உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் நின்று மீட்டால், அதற்குள்ளேயே இன்னொரு ஹோம், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் நீங்கள் கேட்ட ஃபோல்டர் என்று முளைக்கும். அதாவது பரவாயில்லை. எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருக்கும் ரூட் ஃபோல்டரில் நின்று கொடுத்தால், பாதை அப்படியே பொருந்திவிடுவதால், இன்றைக்கு வேலை செய்துகொண்டிருக்கும் ஃபைலை எடுத்துவிட்டுப் பழையதை அந்த இடத்தில் வைத்துவிடும். ஒரு வார்த்தை கேட்காது. டார் கட்டளையிலேகூட பெரிய எழுத்து சி போட்டு "இங்கே விரி" என்று சொல்லிவிடலாம். அத்தனை பழைய கருவியில் இருப்பது இதில் ஏன் இல்லை?

நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். புதிதாகக் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, அதற்குள் போய், பிறகுதான் எக்ஸ்ட்ராக்டைக் கூப்பிடும். அவசரமில்லாத நேரங்களில் எதையும் எழுதாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் ட்ரை ரன், பட்டியல் காட்டும் லிஸ்ட் என்ற இரண்டு தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்து, என்னென்ன வரப்போகிறது என்று பார்த்துக்கொள்வேன். இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் முதல் தடவை மீட்க உட்காருகிறவனிடம் என் ஸ்கிரிப்ட் இருக்காதே.

இன்னொரு குறை, இதைவிடச் சிறியது. 1.2 பதிப்பிலிருந்து, பழைய ஆர்க்கைவ்களைக் கழிக்கும் ப்ரூன் கட்டளையைக் கொடுத்தால் மட்டும் டிஸ்க்கில் இடம் காலியாகாது, காம்பாக்ட் கட்டளையைத் தனியாக ஓட்ட வேண்டும். காரணம் புரிகிறது, கிரானில் ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான். இதற்கெல்லாம் நான் கோபப்படுவதில்லை.

நண்பனுக்கு என்ன சொன்னேன்? ரெஸ்டிக் என்ற வேறொரு பேக்கப் மென்பொருளைப் போட்டுக்கொள் என்றேன். அதுவும் துண்டு போட்டுச் சேமிப்பதுதான், குறியாக்கமும் உண்டு. ரெஸ்டோர் கொடுக்கும்போது டார்கெட் என்று சேருமிடத்தை எழுதலாம். சுருக்கும் வசதி அதற்கு 2022-ல்தான் வந்தது, அந்த விஷயத்தில் போர்க் எப்போதோ முன்னால் போய்விட்டது. இருந்தாலும் அவனுக்கு அதுதான் சரி.

"அப்ப நீயும் மாறிடுவியா?" என்றான். மாட்டேன். என் பல வருடத்து ஆர்க்கைவ்கள் போர்க்கில் இருக்கின்றன, சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக இருக்கின்றன. யாருக்காவது பரிந்துரைப்பேனா என்று கேட்டால், எக்ஸ்ட்ராக்டுக்கு ஒரு சேருமிடம் வருகிற வரைக்கும் மாட்டேன்.