காருக்கு 'வின்டர் பாதுகாப்பு' பூசித் தருகிறோம் என்பார்கள், கையெழுத்து வைக்காதீர்கள்

ரொறன்ரோப் பக்கம் இந்த வின்டருக்குள் புதுக் கார் எடுக்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைப் பற்றியோ அதன் விலையைப் பற்றியோ எனக்குக் குறை இல்லை. விலை பேசி முடித்த பிறகு உங்களை இன்னொரு அறைக்குள் கூட்டிப்போவார்களே, கடன் பத்திரம் தயாரிக்கும் அந்த அறை, அங்கே நடப்பதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எனக்கு அந்த அறையில் இருந்தவர் தமிழ்த் தம்பி. ஊர் விசாரித்தார், கோப்பி எடுத்து வந்து தந்தார். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார். செரமிக் கோட்டிங் (பெயின்டுக்கு மேலே பூசும் மெல்லிய திரவப் பூச்சு), சீற் துணிக்கு ஒரு ஸ்பிரே, அடிப்பக்கத்துக்கு ஒரு பூச்சு, மூன்றும் சேர்த்து 'வின்டர் பாதுகாப்புப் பொதி'. விலை 1,499 டாலர். "அண்ணை, இஞ்ச பனி உருக றோட்டில போடுற உப்புக்கு வெறும் பெயின்ட் நிக்காது. இதைப் பூசினா அஞ்சு வருசத்துக்கு யோசிக்கத் தேவையில்லை. மாசம் முப்பது டாலர்கூட வராது" என்றார். மாதக் கணக்கில் சொல்வதில்தான் சூட்சுமம். 13 சதவீத வரியோடு அது 1,694 டாலர். அதை 6.99 வட்டியில் ஆறு வருடக் கடனுக்குள் சேர்த்தால் கட்டி முடிக்கும்போது 2,000 டாலரைத் தாண்டிவிடும்.

கையெழுத்து வைத்தது ஒரு ஜனவரிப் பின்னேரம். அடுத்த நாள் மத்தியானம் கார் தயார் என்று அழைப்பு வந்தது. தம்பி ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து பொனெட்டில் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பத்து, இருபது டாலருக்கு விற்கும் ஸ்பிரே வாக்ஸை அடித்தாலும் தண்ணீர் அப்படித்தான் உருளும். அதை வைத்து எதையும் நம்ப முடியாது.

உண்மையான செரமிக் கோட்டிங் எப்படிப் பூசப்படும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் காரைக் கழுவ வேண்டும். பெயின்டில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்களைக் கரைக்க ஒரு திரவம் அடிப்பார்கள், அது துகள் பட்ட இடத்தில் ஊதா நிறமாக வழியும். பிறகு களிமண் கட்டி போன்ற ஒன்றால் தேய்த்து, மெஷின் போட்டு பொலிஷ் செய்து, அதன் எண்ணெய்ப் பசையை அல்கஹோலால் துடைத்து எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தச் சின்னக் குப்பியைத் திறப்பார்கள். சதுரம் சதுரமாகப் பூசித் துடைப்பார்கள். பூசிய பின் கார் சூடான, உலர்ந்த இடத்தில் ஒரு நாளாவது நிற்க வேண்டும். ஒரு வாரத்துக்கு சோப் போட்டுக் கழுவக்கூடாது. பின்னேரம் கையெழுத்து வாங்கி அடுத்த மத்தியானம் திறப்பைக் கையில் தருகிறவர்கள் இதில் எதைச் செய்திருப்பார்கள்? அன்று வெளியே உப்புச் சேறு வேறு. காரை எடுத்த அரை மணித்தியாலத்திலேயே கதவுகள் சாம்பல் நிறமாகிவிட்டன.

மார்ச் மாதம் கழுவிப் பார்த்தபோது தண்ணீர் உருளவில்லை, சும்மா விரிந்து படுத்தது. கதவுகளின் கீழ்ப்பகுதி விரலுக்குச் சொரசொரத்தது. பொனெட்டின் முன் விளிம்பில் கல் தெறித்த இடங்களில் மெல்லிய பழுப்புப் புள்ளிகள். ஸ்காபுறோவில் இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் பின்கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பார்த்தார். கப்பலிலும் ரயிலிலும் ஏற்றும்போது கீறாமல் ஒட்டி அனுப்பும் வெள்ளைப் பிளாஸ்ரிக் நாடா ஒரு விரல் நீளத்துக்கு இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "மெஷின் போட்டு பொலிஷ் செய்தவன் இதை உரிக்காமல் விட்டிருப்பானா?" என்று கேட்டார். இரும்புத் துகள் திரவத்தைப் பின்பக்கத்தில் அடித்தார். ஊதா நிறம் ஒழுகியது. துகள் பிறகும் வந்து ஒட்டலாம் என்பதால் அது மட்டும் சாட்சி ஆகாது என்றும் அவரே சொன்னார். ஆனால் அந்த நாடா போதும்.

கடைக்குப் போனேன். அந்தத் தம்பி இப்போது வேறு கிளைக்கு மாறிவிட்டாராம். மனேஜர் உத்தரவாதக் கடதாசியை எடுத்து விரித்தார். அப்போதுதான் வேடிக்கை தொடங்கியது. கல் தெறிப்பு உத்தரவாதத்தில் இல்லை. பிரஷ் சுழலும் கழுவகத்துக்குக் காரைக் கொண்டுபோனால் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை அவர்களிடமே காசு கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும், தேதி தவறினால் இல்லை. அதற்குக் கீழே இன்னும் சின்ன எழுத்தில், 'வீதியில் இடப்படும் உப்பு மற்றும் இரசாயனங்களால் ஏற்படும் சேதம்' இல்லை. வின்டர் பாதுகாப்புப் பொதி, உப்பைத் தவிர! இதெல்லாம் சரி என்று வைத்தாலும், கோரிக்கை வென்றால் கிடைப்பது அதே திரவத்தை இன்னொரு தடவை பூசுவதுதான். காசு இல்லை.

பூசியவர் யார், எந்தக் குப்பி, எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடித்தார்கள் என்று எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. பிறகு ஓம்விக் என்னும் ஒன்ராறியோ மோட்டார் வாகன விற்பனையாளர் ஒழுங்குமுறை அமைப்பில் முறைப்பாடு கொடுத்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. காசைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் உரிமத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள் என்பதால் கடைக்காரர் தொலைபேசியை எடுக்கத் தொடங்கினார். கடைசியில் பாதிக் காசைத் தந்து, கடையின் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆகவே எந்தக் கடை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பலர் தப்பாக நம்பிக்கொண்டிருக்கும் ஒன்று, பத்து நாளுக்குள் மனம் மாறினால் ரத்துச் செய்யலாம் என்பது. வீட்டுக்கு வந்து விற்பவர்களோடு செய்யும் ஒப்பந்தம் போன்ற சிலவற்றுக்குத்தான் அது. கார் விற்பனை நிலையத்தில் வைத்த கையெழுத்துக்கு ஒன்ராறியோவில் அப்படி ஒரு அவகாசம் கிடையாது. இன்னொன்று உங்களுக்குச் சாதகமானது. சில இடங்களில் "எங்களிடம் வரும் எல்லாக் காருக்கும் முன்னமே பூசியாகிவிட்டது, கழற்ற முடியாது" என்பார்கள். 2010 முதல் இங்கே விளம்பர விலைக்குள் எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும், விற்பனை வரியும் உரிமப் பலகைச் செலவும் மட்டுமே வெளியே. முன்னமே பூசியது என்றால் அதன் விலையும் விளம்பரத்துக்குள் இருக்க வேண்டும். விளம்பரத்தை அச்சடித்துக் கையில் கொண்டுபோங்கள்.

'9எச் கடினம், கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அந்த 9எச் பென்சில் கூரின் கடினத்தைச் சொல்லும் அளவு. வைரத்தையும் கல்லையும் அளக்கும் அளவுகோல் வேறு. நல்ல செரமிக் பூச்சுகூட ஒரு சில மைக்ரான் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்புத்தான், காரின் பெயின்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டே நாற்பது ஐம்பது மைக்ரான் வரும். கல்லைத் தாங்குவது 150 மைக்ரானுக்கு மேற்பட்ட தடிப்புள்ள ஒளிபுகும் பிலிம். விலை கூடியது, ஆனால் பொனெட்டின் முன்பாதிக்கும் பம்பருக்கும் மட்டும் ஒட்டினால் போதும். செரமிக் மோசம் என்று நான் சொல்லவில்லை. முறையாகப் பூசினால் அழுக்கு இலகுவாகக் கழன்று வரும், அவ்வளவுதான் அதன் வேலை.

உப்பு உண்மையில் கடிப்பது கல் பட்டுத் திறந்த இடத்தையும் அடிப்பக்கத்தையும்தான். பனி கொட்டுவதற்கு முதல் நாளே 401 நெடுஞ்சாலையில் நீளக் கோடுகளாகத் தெரியுமே, அது உப்புநீர். கடும் குளிரில் சாதாரண உப்பு வேலை செய்யாது என்பதால் கல்சியம், மக்னீசியம் குளோரைட் கலப்பார்கள். இவை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். சூடான கராஜுக்குள் காரை விட்டால் நல்லது என்று நினைப்போம், ஆனால் உப்புச் சேற்றோடு விட்டால் அங்கேதான் துரு வேகமாகப் பிடிக்கும். உறைந்த உப்பு சும்மா கிடக்கும், உருகியது வேலை செய்யும்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். ஒக்ரோபரில் கழுவி, பெயின்டைக் காக்க வாக்ஸ் போல ஒரு சீலன்ட் பூசுவேன், அடிப்பக்கத்துக்கு வருடா வருடம் எண்ணெய் ஸ்பிரே. வெயில் எறித்து பூச்சியத்துக்கு மேலே போகும் நாளில் பிரஷ் இல்லாத கழுவகத்தில் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுவேன். கதவு ரப்பரைத் துடைக்காமல் விட்டால் இரவில் உறைந்து ஒட்டிக்கொள்ளும், கவனம். பனியைத் தள்ள ஃபோம் தலை உள்ள தள்ளி வாங்குங்கள். நார் பிரஷால் பெயின்டில் இழுத்தால் சுழல் கீறல்தான் மிஞ்சும்.

ஏற்கெனவே கையெழுத்து வைத்து, கார் இன்னும் கைக்கு வராதவர்கள் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பொதி வேண்டாம், எதுவும் பூச வேண்டாம், திருத்திய பத்திரம் அனுப்புங்கள் என்று எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னால் "அது நேற்றே பூசியாச்சு" என்பார்கள். மின்னஞ்சலில் நேரம் பதிவாகும். அப்படிப் பூசியாகிவிட்டது என்றால், எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் என்று வேலைச் சீட்டைக் கேளுங்கள்.