இலவம் பஞ்சுத் தலையணையா, ஃபைபர் தலையணையா?

வியர்க்கும் ஊருக்கு இலவம் பஞ்சுதான். இழைக்குள்ளே காற்று, மேலே மெல்லிய மெழுகு. ஈரம் எளிதில் ஏறாது. ஆனால் துவைத்தால் கட்டி தட்டிவிடும். உறையை மட்டும் துவைத்து, தலையணையை வாரம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டுங்கள். நாளடைவில் இழை நொறுங்கித் தூளாகும்; உறைத்துணி நெருக்கமாக நெய்ததாக இல்லாவிட்டால் அந்தத் தூசு மூக்கில் ஏறும்.

போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு என்று சொல்லிப் பருத்திக் கழிவைக் கலப்பதும் உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே முறுக்கிப் பாருங்கள்: நூலாகத் திரண்டால் பருத்தி, இலவம் வழுக்கி உதிரும்.

தூசு அலர்ஜி, ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு ஃபைபரே சரி. லேபிள் அனுமதித்தால் மெஷினில் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், தூசுப்பூச்சி சாகும். உள்வரை காயாவிட்டால் நாறும். ஓரிரு ஆண்டில் தட்டையானால் மாற்ற வேண்டியதுதான். இலவத்தையோ பிரித்துப் புதுப்பஞ்சு சேர்த்துத் திரும்பத் தைக்கலாம்.