குறி தப்பாத பீரங்கிக் குண்டு: லேசரா, ஜிபிஎஸ்ஸா, மூக்கில் திருகும் ஃபியூஸா?

கன்னியாகுமரி மாவட்டம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் திருவிதாங்கூர் படைத்தலைவர் டிலனாயின் கல்லறையைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கே பீரங்கி வார்த்த கதையையும் கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். அந்தக் காலத்துக் குண்டுக்குச் சுடுகிறவனின் கணக்குதான் வழிகாட்டி. குழாயை விட்டுக் கிளம்பினால் கிளம்பியதுதான். 155 மி.மீ. குழாய் விட்டமுள்ள பீரங்கி வந்த பிறகும் வெகுகாலம் இதே நிலைமைதான். 20, 25 கிலோமீட்டர் போகும் குண்டு நூறு மீட்டர் தள்ளி விழுவது சாதாரணம்.

பறக்கிற குண்டைத் திருத்தும் முதல் வழி லேசர். அமெரிக்காவின் காப்பர்ஹெட், சோவியத்தின் கிராஸ்னபோல் இரண்டும் இந்த ரகம். இலக்கின்மேல் ஒருவர் லேசர் அடித்துக்கொண்டிருக்க, அது பட்டுத் திரும்பும் ஒளியைப் பிடித்துக் குண்டு இறங்கும். நம்ம ஊர் மீனவர்கள் மாதா கோயில் கோபுரத்தையும் பின்னாலுள்ள மலையையும் நேர்கோட்டில் பார்த்துக் கடலடிப் பாறைத் திட்டைக் கண்டுபிடிப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கண்ணுக்குத் தெரியும்வரை பிரமாதம். மூடாப்பு போட்டால் போச்சு. நகரும் டாங்கியை அடிக்க இது நல்லது. ஆனால் லேசர் பிடிக்கிறவர் எதிரிக்குச் சில கிலோமீட்டர் பக்கத்தில் போய்ப் படுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, செயற்கைக்கோள் அலையால் வழி காட்டும் ஜிபிஎஸ். 2007இல் ஈராக்கில் போரில் முதன்முதலாகச் சுடப்பட்ட அமெரிக்க எக்ஸ்காலிபர் குண்டு 40 கிலோமீட்டர்வரை போய், சில மீட்டருக்குள் விழும். மேகமோ புகையோ அதற்குப் பொருட்டில்லை. இந்தியாவும் 2019இல் வாங்கியது. விலை மட்டும் ஏறக்குறைய 1 லட்சம் டாலர். ஒரு குண்டுக்கு!

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. குண்டு பழசு, அதன் மூக்கு மட்டும் புதுசு. அமெரிக்காவின் எம்1156, சாதாரணக் குண்டின் நுனியில், அதை வெடிக்கவைக்கும் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் திருகி மாட்டும் பொருள். குட்டிச் சிறகுகளும் ஜிபிஎஸ்ஸும் அதற்குள்ளேயே இருக்கின்றன. எக்ஸ்காலிபர் அளவுக்குத் துல்லியம் கிடையாது. ஆனால் விலை பல மடங்கு குறைவு. குறியிலிருந்து 150 மீட்டருக்கு மேல் விலகும் என்று தெரிந்தால் வெடிக்காமலே விழுந்துவிடும். பக்கத்தில் சொந்த ஆட்கள் இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. கிடங்கு நிறையப் பழைய குண்டு வைத்திருக்கும் ராணுவத்துக்கு இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் உக்ரைன் போர் வந்தது. ரஷ்யர்கள் ஜிபிஎஸ் அலையைக் குலைத்ததும் எக்ஸ்காலிபர் தடுமாற ஆரம்பித்தது. வானத்தை நம்பும் ஃபியூஸுக்கும் அதே ஆபத்து உண்டு. பழசு என்று ஒதுக்கப்பட்ட கிராஸ்னபோலோ புது வாழ்வு பெற்றது. லேசர் பிடிக்க இப்போது ஆள் தவழ்ந்து போக வேண்டாம், ட்ரோன் போதும். எக்ஸ்காலிபரிலேயே லேசரையும் சேர்த்து எஸ் என்று ஒரு ரகம் செய்திருக்கிறார்கள்.

சென்னை ஐஐடி, மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கும் 155 மி.மீ. குண்டு ஜிபிஎஸ் மாதிரி வழி காட்டும் நம் நாவிக் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தும். அடுத்தவன் செயற்கைக்கோளை நம்ப வேண்டியதில்லை, சரி. ஆனால் நாவிக்கும் வானத்திலிருந்து வரும் மெல்லிய அலைதான். அதைக் குலைத்தால் குண்டு என்ன செய்யும் என்பதுதான் அதைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி. எத்தனை மீட்டர் துல்லியம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.