டெஸ்கோ கிளப்கார்டு: புள்ளிகள் சொற்பம், விலையில்தான் விஷயம்

பிரிட்டனில் குடும்பம் நடத்துபவர்களின் பணப்பையிலோ கைபேசியிலோ இடம்பிடித்துவிட்ட, டெஸ்கோ பேரங்காடியின் கிளப்கார்டு அட்டையை, கடை தன் வாடிக்கையாளருக்குத் தரும் வெகுமதி என்று இன்னமும் சொல்வது பொருத்தமாக இல்லை. அட்டை இல்லாதவர் கொடுக்க வேண்டிய கூடுதல் விலையிலிருந்து விலக்குப் பெறுவதற்கான அனுமதிச் சீட்டாகவே அது மாறியிருக்கிறது.

1995 பிப்ரவரியில் இத்திட்டம் நாடு முழுவதும் அறிமுகமானபோது, போட்டியாளரான செயின்ஸ்பரிஸ் அதை மின்னணு வடிவில் வந்த பழைய 'கிரீன் ஷீல்டு' முத்திரை (பொருள் வாங்குவோருக்குக் கடைகள் தந்த பரிசு முத்திரை) என்று ஏளனம் செய்தது. அந்த முத்திரைகளை 1977இலேயே கைவிட்டிருந்த டெஸ்கோ, கிளப்கார்டு வந்த ஆண்டிலேயே செயின்ஸ்பரிஸை முந்திக்கொண்டு நாட்டின் மிகப்பெரிய மளிகை நிறுவனமாயிற்று. மறு ஆண்டே செயின்ஸ்பரிஸும் ஓர் அட்டையைக் கொண்டுவந்தது. அறிமுகத்துக்கு முன் நடந்த முன்னோட்டத்தின் தரவுகளை ஆராய்ந்த டன்ஹம்பி என்ற தரவு ஆய்வு நிறுவனத்தார், முப்பது ஆண்டுகளில் தான் அறிந்ததைவிட அதிகமாகத் தன் வாடிக்கையாளர்களைப் பற்றி மூன்றே மாதங்களில் அறிந்துகொண்டது அச்சமூட்டுவதாக டெஸ்கோவின் அன்றைய தலைவர் இயன் மெக்லாரின் கூறினார். நாம் அட்டையை நீட்டும்போது கொடுப்பது இந்தத் தகவலைத்தான்.

அதற்கு ஈடாகக் கிடைக்கும் புள்ளிகள் சொற்பமே. கடையில் செலவிடும் ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு பென்ஸ் என்பதால், வாரம் 60 பவுண்டுக்குப் பொருள் வாங்கும் குடும்பத்துக்கு மூன்று மாத முடிவில் 7 பவுண்டு 80 பென்ஸ் மதிப்புள்ள புள்ளிகள் சேரும்; அவை வவுச்சர்களாக வரும். பிட்சா எக்ஸ்பிரஸ் போன்ற கூட்டாளி நிறுவனங்களில் அவற்றின் மதிப்பு முன்பு மும்மடங்காக இருந்தது. 2023 ஜூனில் அதுவும் இருமடங்காகக் குறைக்கப்பட்டது. ஆகவே புள்ளிக்காகக் கடை மாற வேண்டியதில்லை.

2019இல் தொடங்கிய 'கிளப்கார்டு விலை'தான் இன்று திட்டத்தின் உயிர்நாடி. 2022 அக்டோபரில் மதிய உணவுத் தொகுப்பின் விலை உயர்த்தப்பட்டபோது, அட்டை உள்ளவருக்கு 3.40 பவுண்டாகவும் இல்லாதவருக்கு 3.90 பவுண்டாகவும் அது நிர்ணயிக்கப்பட்டது. வழக்கமான விலையை வேண்டுமென்றே ஏற்றிவிட்டு அதைத் தள்ளுபடியாகக் காட்டுகிறார்களோ என்ற ஐயம் பலருக்கும் உண்டு. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் பிரிட்டனின் 'போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம்' டெஸ்கோ உள்ளிட்ட பேரங்காடிகளின் சுமார் 50,000 சலுகைப் பொருட்களை ஆராய்ந்து, அவற்றில் 92 விழுக்காட்டில் வழக்கமான விலையோடு ஒப்பிடுகையில் உண்மையான சேமிப்பு இருப்பதாக 2024 நவம்பரில் அறிவித்தது. இதை நான் ஏற்கிறேன். ஆனால் அதே ஆணையம், சலுகை விலையே சந்தையின் மிகக் குறைந்த விலை என்று எண்ணிவிடக் கூடாது என்றும் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை.

அந்த ஒப்பீட்டுக்கு அலகு விலை அவசியம். கிளப்கார்டு சலுகைகளுக்கு அதைக் காட்டாததை 'விச்' நுகர்வோர் அமைப்பு 2023இல் கண்டித்தது. கிளப்கார்டு விலையைக் காட்டும் மஞ்சள் நிறச் சீட்டைப் பார்த்ததுமே கூடைக்குள் போடாமல், நூறு கிராமுக்கு என்ன விலை என்பதைப் பார்த்து, கடையின் சொந்தத் தயாரிப்போடு ஒப்பிடுவது நல்லது. சலுகையில் உள்ள பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருளைவிட அது பெரும்பாலும் மலிவாகவே இருக்கும். போட்டிப் பேரங்காடியான ஆல்டியில் அட்டையே கிடையாது, அங்கே எல்லோருக்கும் ஒரே விலை என்பதையும் மறந்துவிட வேண்டாம். லண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கத்துத் தமிழர்கள் அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்கு எப்படியும் தமிழ்க் கடைக்குத்தான் போவார்கள். அவர்களுக்கு டெஸ்கோவில் மிஞ்சுவது சலவைத்தூள், காப்பித்தூள் போன்றவைதான். இவ்வகைப் பொருட்கள் அடிக்கடி சலுகைக்கு வருவதால், தேவைக்குச் சற்று முன்பாகவே குறைந்த விலையில் வாங்கி வைக்கலாம்.

அட்டை இலவசம் என்பதால் டெஸ்கோவுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கட்டும். வரும் வவுச்சர்களுக்கு ஆயுள் இரண்டு ஆண்டுகள். அதற்குள் அவற்றைக் கூட்டாளி நிறுவனங்களில் செலவழித்தால்தான் இருமடங்கு மதிப்பு கிடைக்கும்.