மழைக்கு முன் கதவைத் தட்டும் ‘பத்து வருட உத்தரவாதம்’: ஓர் எச்சரிக்கை

பண்பொழியில் இருக்கும் என் மைனி சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, மொட்டைமாடிக் கசிவைச் சரிசெய்து தருவதாக ஒருவர் வீடு தேடி வந்திருப்பதாகவும், பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பதாகவும் சொன்னார். அந்த ஆள் கொடுத்த அட்டையைப் படித்துக்காட்டச் சொன்னேன். தென்காசியில் ஒரு முகவரி, கேரள எல்லைக்கு அந்தப்புறம் புனலூரில் ஒரு முகவரி, அடியில் ‘பத்து வருட உத்தரவாதம்’. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தந்த அட்டைதான் அது. நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தது. செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கத்தில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு 1987இல் அப்பா கட்டியது. செங்கோட்டை 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும் மழை விஷயத்தில் நாங்கள் இன்னும் பாதி கேரளப் பக்கத்துக்காரர்கள்தான்; ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் நேரே மேற்குக் கைப்பிடிச் சுவரில் வந்து அறையும். 2022 ஆடியில் அந்தச் சுவருக்குக் கீழே, அடுக்களை மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஓதம் காத்துச் சுண்ணாம்பு பொரிந்திருந்தது. ஒழுகும் காலத்தில் ‘சாரல் ஓயட்டும்’ என்றேன். சாரல் ஓய்ந்ததும் ஒழுக்கும் நின்றுவிட்டதால் அது நினைவிலேயே இல்லை. இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின. அதற்குள் ஈரம் படுக்கையறை வரை பரவி, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துவிட்டது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துகொண்டு வரும். ஒரு நாள் காலையில் கட்டிலின் மேல் இட்லி அளவில் ஒரு காரைத்துண்டு கிடந்தது. எங்களை அன்று பிடித்த பயம்தான் அந்த ஆளுக்கு வசதியாகிப்போனது.

2024 மே மாதக் கடைசியில் வந்தார். நல்ல நெல்லைத் தமிழில், ‘அண்ணாச்சி, இன்னும் பத்து நாளில் மழை பிடித்துவிடும், பிறகு கூப்பிட்டால் எங்களுக்கே ஆள் கிடைக்காது’ என்றார். மாடிக்கு ஏறி, எங்கே ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், நாடாவால் அளந்து, 640 சதுர அடிக்குச் சதுர அடி 70 ரூபாய் வீதம் 44,800 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். 30,000 ரூபாய் முன்பணத்தைக் கைபேசி வழியே அனுப்பியபோது, திரையில் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் பெயர் வந்தது. ‘வீட்டுக்காரி கணக்கு’ என்றார், நானும் தலையாட்டினேன்.

வேலையாட்கள் வந்தது ஜூன் முதல் வாரத்தில், முந்திய இரவு மழை பெய்து தட்டோடுகளின் இடுக்கெல்லாம் ஈரமாக இருந்த ஒரு காலையில். தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், முதல் பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது என்று அவர்கள் கொண்டுவந்த நீர்த்தடுப்புப் பூச்சு டிரம்மின் மேலேயே அச்சிட்டிருந்தது. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பதும் அதிலேயே இருந்தது; அந்தக் கணக்கின்படி எங்கள் மாடிக்கு மூன்று டிரம்கள் வேண்டும். வந்தது ஒன்று, அதுவும் மூடி முன்பே திறக்கப்பட்டது. மீதியைத் தண்ணீர் ஊற்றிச் சமாளித்தார்கள். மதியத்துக்குள் மாடி வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. பாக்கிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் வெயில் அடித்தபோது பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒரு கொப்புளத்தில் நகத்தை வைத்து இழுத்தேன். பால் ஆடையைப் போல ஒரு முழ நீளத்துக்கு உரிந்து வந்தது, அடியில் தண்ணீர் நின்றது.

அந்தச் சாரலில் வீடு முன்னைவிட மோசமாக ஒழுகியது. தண்ணீர் மின்கம்பிக் குழாய்க்குள் இறங்கி சுவிட்சுப் பெட்டி வரை வந்துவிட, மின்கசிவு வந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. சுவிட்சு விழுந்துகொண்டே இருந்தது. அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுக் கொண்டிருந்த என்னை எலக்ட்ரீஷியன் கடிந்துகொண்டார். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் அது விழுவது உயிரைக் காப்பதற்குத்தான், ஈரம் காயும் வரை அந்த இணைப்பையே துண்டித்து வையுங்கள் என்றார். சுவர் ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டியது சுண்ணாம்பை அல்ல, மின்சாரத்தை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

உத்தரவாதக் காகிதத்தோடு புனலூருக்குப் போனேன். அந்த முகவரியில் இருந்தது பல மாதங்களாகத் திறக்காத ஷட்டர். தென்காசி முகவரிக்குப் பதிவுத்தபாலில் அனுப்பிய அறிவிப்பு அப்படியே திரும்பி வந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எதிர்த்தரப்பு எல்லைக்கு அந்தப்புறம் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் கேட்டால் வழி சொல்கிறார்கள். ஆனால் யார் மீது கொடுப்பது? என் கையில் இருந்தவை பொய் முகவரிகள் இரண்டும், யாரோ ஒரு பெண்ணின் கணக்குப் பெயரும்தான். ஆளின் அடையாள அட்டை நகலும், முத்திரையிட்ட ரசீதும் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள் என்று மைனியிடம் சொன்னேன்.

உண்மையான பழுதைக் கண்டுபிடித்தவர் புளியரையிலிருந்து வந்த ஒரு வயதான கொத்தனார். அவர் பூச்சைப் பற்றியே பேசவில்லை. மழைநீர்க் குழாயின் வாயைச் சாக்குத்துணியால் அடைத்து, மாடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்தினார். மறுநாளே அடுக்களை மூலையில் ஈரம் தெரிந்தது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஒரு மயிரிழை விரிசல், குழாயின் வாயைச் சுற்றிப் பெயர்ந்துபோன காரை, இவ்வளவுதான். இரண்டையும் கொத்தி எடுத்து, மூலையைச் சரிவாகப் பூசி, மறுபடியும் தண்ணீர் கட்டிக் காட்டினார். சாமானும் கூலியும் சேர்த்து 6,500 ரூபாய். கணக்கை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதித் தந்தார். 2022இலேயே கூப்பிட்டிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது என்றார் அவர்.

அடுக்களை இப்போது காய்ந்துவிட்டது. படுக்கையறையில் கம்பி வெளியே தெரியும் இடத்தில் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அதற்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டிலை எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டிருக்கிறோம்.