இடம்பெயர்வதா, இணையத்தில் நடத்துவதா?

போரில் சிக்கும் பல்கலைக்கழகத்தின் முன் நிற்கும் கேள்வி இது. உக்ரைனில் இரண்டையும் பார்க்கலாம். டொனெட்ஸ்க் தேசியப் பல்கலைக்கழகம் 2014இல் வின்னிட்சியாவுக்கு இடம்பெயர்ந்தது. கார்கிவின் கராசின் பல்கலைக்கழகம் 2022இல் ரஷ்யா படையெடுத்த பின் வகுப்புகளை இணையத்துக்கு மாற்றியது.

இடம்பெயர்ந்தால் நேரடி வகுப்பு மீளும். ஆனால் கட்டடம், நூலகம், ஆய்வகக் கருவிகள் பெரும்பாலும் போய்விடும். முதலில் காப்பாற்ற வேண்டியவை மாணவர் பதிவேடுகளே. அவை தொலைந்தால் யார் என்ன படித்தார் என்று சான்றளிக்கவே வழியிருக்காது. நகலை முன்பே வேறு நகரத்துச் சர்வரில் வைத்துவிட வேண்டும்.

இணைய வழியில், வெளிநாடுகளுக்குச் சிதறிய மாணவரும் படிப்பைத் தொடரலாம். மின்வெட்டுதான் பெரிய சிக்கல்: 2022 அக்டோபர் முதல் ரஷ்யா மின்கட்டமைப்பைத் தொடர்ந்து தாக்கியது. நேரலையை மட்டும் நம்பினால் பாடம் பாதியில் அறுந்துபோகும். ஒலிப்பதிவு, சிறிய கோப்புகள், தளர்வான சமர்ப்பிப்புத் தேதி கட்டாயம். வேதியியல் செய்முறைக்கோ திரை உதவாது.

ஊரே கைமாறும் ஆபத்து இருந்தால், தாமதிக்காமல் இடம்பெயர்வதே சரி.